வேலையில் நிற்கும்போது நினைவுக்கு வரும் ஆசிரியர் யார்?

பதிவைத் தொடங்கியவர், நாகர்கோவில்

ஆசிரியர் தினம் வந்தால் வாழ்த்துப் படங்கள் குவிகின்றன. மாதா, பிதா, குரு, தெய்வம் என்று எழுதிவிட்டால் கடமை முடிந்தது. இங்கே அது வேண்டாம். நீங்கள் இன்று செய்யும் வேலையில் யார் சொல்லிக்கொடுத்தது கைகொடுக்கிறது? நடந்ததை எழுதுங்கள். பள்ளி ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் மாவட்டத்தில் வர்ம வைத்தியம் சொல்லித் தருபவரும் ஆசான்தான், அடிமுறை என்ற சண்டைக் கலை சொல்லித் தருபவரும் ஆசான்தான். யாருடைய பெயரும் போட வேண்டாம்.

தக்கலைக்காரி, வளைகுடாவில் செவிலியர்

எங்கள் கணக்கு டீச்சருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கரும்பலகையில் கணக்கை எழுதியதும் யாரும் பேனாவைத் தொடக் கூடாது. "விடை சுமாராக எவ்வளவு வரும்? நூறுக்குள்ளா, ஆயிரத்தைத் தாண்டுமா?" என்று பெஞ்சு பெஞ்சாகக் கேட்டுக்கொண்டு வருவார். சரியாகப் போட்டவளையும் விடமாட்டார். முதலில் என்ன நினைத்தாய் என்று கேட்பார். பரீட்சையில் அதற்கு மதிப்பெண் கிடையாது என்பதால் எங்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

நர்ஸிங் படிப்பில் சொட்டுக் கணக்கு வந்தது. 500 மில்லி திரவம் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. மற்றவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்தார்கள். நானோ விநாடிக்கு ஒரு சொட்டுக்கும் குறைவாகத்தான் வரும் என்று முதலில் மனதில் வைத்துக்கொண்டு பிறகே பெருக்கினேன். பழக்கம் விடவில்லை.

இப்போது எல்லாவற்றுக்கும் மருந்தை அளந்து ஏற்றும் பம்ப் வந்துவிட்டது. ஓர் இரவு பொறுப்பேற்றபோது திரையில் மணிக்கு 125 மில்லி என்று இருந்தது. இன்னும் ஓட விடவில்லை. படுத்திருந்தவரின் எடைக்கும் அந்த மருந்துக்கும் இவ்வளவு போகாதே என்று கை தானாக நின்றது. சீட்டை எடுத்துப் பார்த்தால் 12.5. நடுவில் இருந்த புள்ளி விழவில்லை. எண்ணைப் போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன், நாள் முழுக்க நின்று களைத்துப் போனவர் அவர். ஆனால் அன்று அந்த வார்டில் எனக்குப் பக்கத்தில் டீச்சரும் இருந்தார் என்றே நினைக்கிறேன். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தராதவர்.

கடற்கரைப் பையன்

அக்கா, உங்களுக்கு வாய்த்தவர் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. எனக்குக் கிடைத்தவருக்குப் பிரம்பு இருந்தால் பாடம் தேவையில்லை. மீன் வாடை வீசுகிறது என்று எங்களைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தார். அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. என் காலத்தில் அது வரவில்லை. என்னோடு படித்த பாதிப் பேர் வள்ளத்துக்குப் போனதற்குக் கடல் மீதிருந்த ஆசை காரணமில்லை. குரு தெய்வம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நான் தப்பியது மாலை நேரத்தில் தெருவிளக்கின் கீழ் பாடம் சொன்ன ஓர் அக்காவால். அவர் ஆசிரியப் பயிற்சி எதுவும் பெற்றவரில்லை.

தேரூர், ஓய்வு பெற்றவன்

தம்பி சொல்வது நியாயம். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். மேடைதோறும் சொல்கிறோம். அந்த எண்ணுக்குள் இந்தத் தனி பெஞ்சும் இருக்கிறது.

ஆனாலும் வரலாற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரியான மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். அதை விற்ற காசில் தங்களை அடிமைத்தளையிலிருந்து மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அரசாணைக்கு முன்பே ஊசி நூல் வேலை செய்திருக்கிறது. எங்கள் ஊர்க் கவிமணியைக் கவிஞராகத்தான் தெரியும்; அவர் சம்பளம் வாங்கியதோ ஆசிரியர் வேலைக்கு. இஸ்ரோ தலைவர்களாக வந்த சிவனும் நாராயணனும் நம் மாவட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்தவர்கள். அவர்களுக்கு அ, ஆ எழுதிக்கொடுத்தவர்கள் யார் என்று எந்தப் பத்திரிகையும் தேடிப் போனதை நான் பார்க்கவில்லை, அது எனக்கு ஒரு குறை.

மார்த்தாண்டம் தேன்காரர்

ஐயா, எங்கள் தொழிலும் பாடமாக வந்ததுதான். 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் இங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். பெட்டியில் தேனீ வளர்ப்பது அங்கிருந்து வீடு வீடாகப் பரவியது.

எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு பெரியவர். பெட்டியைத் திறக்க முதலில் விடவே இல்லை. வாசலுக்கு எதிரே உட்கார வைத்து, வரும் தேனீயின் காலில் என்ன இருக்கிறது என்று கேட்பார். மகரந்தம் மும்முரமாக வருகிறது என்றால் உள்ளே புழு வளர்கிறது, ராணி முட்டையிடுகிறது. திறக்காமலே தெரிந்துகொள்ளலாம். சும்மா சும்மா திறந்தால் கூட்டம் கலைந்து ஓடும்.

1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய் வந்தது. புழுக்கள் நீர் கோத்த பைபோல ஆகிச் செத்தன. தென்னிந்தியா முழுக்கப் பெட்டிகள் காலியாயின. பலர் அதோடு விட்டுவிட்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போனார்கள். எங்கள் பெரியவர் இரண்டு காரியம்தான் சொன்னார். நோய் கண்ட பெட்டியின் தேனடைச் சட்டத்தை எடுத்து வேறு பெட்டியில் போடாதே. தப்பிப் பிழைத்த கூட்டம் எது என்று குறித்துவை, அதிலிருந்து மட்டும் பிரித்துப் பெருக்கு. மருந்து விற்க வந்தவர்களை நம்பிப் பணத்தைத் தொலைத்தவர்கள் நிறைய. நான் தொலைக்கவில்லை என்றால் அது அவர் தயவு. இன்று பெட்டிகள் வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறேன்.

தேரூர், ஓய்வு பெற்றவன்

என் பேரன் பி.இ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். காணொளி பார்த்தே தேனீ வளர்க்கலாம் என்கிறான். உங்களிடம் அனுப்பலாமா?

மார்த்தாண்டம் தேன்காரர்

அனுப்புங்கள் ஐயா. காணொளியும் பார்க்கட்டும், தவறில்லை. ஆனால் தொடக்கத்தில் வாசலில்தான் உட்கார வைப்பேன், கோபப்படக் கூடாது. சம்பளம் கிடையாது, பஸ் காசும் மதியச் சோறும் தருகிறேன். ஜனவரியில் ரப்பர் தளிர்க்கத் தொடங்கும், இலைக்காம்பில் தேன் சுரக்கும், அப்போது எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்கு முன்பே வரச் சொல்லுங்கள்.