பெரியவர் வாக்குமூலமும் சாட்சிதான்: வன உரிமை மனு அனுபவங்கள்

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஆனைக்கட்டிப் பக்கம் ஓர் இருளர் ஊரில் வன உரிமை மனு எழுத உதவப் போயிருந்தேன். காட்டில் தலைமுறையாக வாழ்கிறவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. ஆனால் உயர் நீதிமன்ற உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா தருவது பல வருடம் நின்றுபோய், 2016-இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அதற்குள் பழசெல்லாம் தெரிந்த பெரியவர்கள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

நிலம் பார்க்க வந்த அலுவலர், "செயற்கைக்கோள் படத்தில் இங்கே சாகுபடியே தெரியவில்லையே" என்றார். ஊர் மூப்பன் அவருக்குப் பதில் சொல்லவில்லை, "வாங்க சாமி" என்று முன்னே நடந்தார். புதருக்குள் ஒரு பழைய வீட்டின் தளம், பாதி மண்ணில் புதைந்த ஆட்டுக்கல். கொஞ்சம் தள்ளி, இறந்தவர்களுக்காக வைத்த கற்கள். ஒவ்வொரு கல்லும் யாருடையது, அவர் யாருக்கு என்ன முறை என்று வரிசையாகச் சொன்னார். நான் வன உரிமைச் சட்ட விதிகளில் 13-ஐ எடுத்து வாசித்தேன்: மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவரின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அது சான்று, வீடு, கிணறு, இடுகாடு, கோயில் போன்ற அடையாளங்களும் சான்று. விதி 12A-இன்படி செயற்கைக்கோள் படம் துணைக்கு மட்டும்தான், மற்றதற்குப் பதிலாக அதை வைக்க முடியாது. அலுவலர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

அப்புறம் இரண்டு குடும்பத்துக்கு இடையே எல்லைத் தகராறு. கோர்ட்டுக்குப் போயிருந்தால் ஒரு தரப்பு ஜெயித்திருக்கும், அவ்வளவுதான். மூப்பன் இரண்டு பேரையும் பேசவிட்டார், நடுவே யாரையும் மறிக்கவில்லை. கடைசியில், ஓடைக்கு இந்தப் பக்கம் மண் ஒருவருக்கு, அதிலுள்ள புளியமரத்துக் காய் மற்றவருக்கு என்று முடிவானது. வரைபடத்தில் மரத்தை எப்படிக் காட்டுவது என்று சர்வேயர் திணறினார். அதனால் அதைக் கிராம சபைத் தீர்மானத்திலேயே எழுதிவைத்தோம்.

ஈரோட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் கிராம சபைத் தீர்மானத்தை முன்கூட்டியே டைப் செய்து கொண்டுவந்து, கையெழுத்து மட்டும் கேட்டார்கள். விதிப்படி சபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது வரவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும். அன்றைக்கு அது இல்லை. ஒரு அக்கா எழுந்து, "நியமகிரியில் ஊர்க்காரங்க சொன்னதுதானே நின்னுச்சு?" என்று கேட்டார். பயிற்சியில் கேட்டதை நினைவு வைத்திருந்திருக்கிறார். 2013-இல் உச்ச நீதிமன்றம் பாக்சைட் சுரங்க விஷயத்தைக் கிராம சபைகளிடமே விட்டது. ஒடிசாவின் அந்த மலையில் கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்றன, அடுத்த வருடம் மத்திய அமைச்சகமும் அனுமதி மறுத்தது. இங்கேயும் கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள்.

தர்மபுரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

காரணமே சொல்லாமல் "நிராகரிப்பு" என்று ஒரு வரியில் கடிதம் வந்தது எங்களுக்கு. காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்பது விதி. கிராம சபை அனுப்பும் மனுக்களைப் பரிசீலிக்கும் கோட்ட அளவிலான குழுவின் முடிவு என்றால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு செய்யலாம். நாங்கள் செய்திருக்கிறோம், விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம்.