கடக்கரை பிக்கப்: துரு, பட்டை, அண்டர்கோட்டிங். எத முதல்ல பண்ணலாம்?

தருவைக்குளம் கரை:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்க வீட்ல 2013 மாடல் டபுள் கேப் டீசல் பிக்கப் ஒண்ணு இருக்கு, வெள்ளை போர்டு, அப்பா ஆசப்பட்டு வாங்குனது, அவுக தவறுன பிறகு நான்தான் ஓட்டுதேன். எங்க போட்டுக்கு வலை, ஐஸ் பெட்டின்னு தெனமும் கரைக்குப் போய்ட்டு வரும், ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட தூத்துக்குடி. எஞ்சின் 1,60,000 கிலோமீட்டர் ஓடியும் புகை இல்ல, பிரச்சினை பாடிதான். பின் தொட்டில இடது வீலுக்கு மேல பெயின்ட் கொப்புளம் கொப்புளமா தூக்கிட்டு நிக்கி, நகத்தால தட்டுனா சிப்பி மாதிரி பேந்து வருது. ஐஸ் பெட்டி ஏத்துனா பின்பக்கம் ரொம்ப தாழுது. இப்ப மீன்பிடி தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் வண்டிக்கு பெருசா வேலை கெடையாது, அதுக்குள்ள நானே வீட்ல வச்சு மூணு வேலை செய்யலாம்னு இருக்கேன். அடியில துரு புடிக்காம இருக்க தார் கோட்டிங் (அண்டர்கோட்டிங்) அடிக்கணும், பின் பட்டைல (லோடு தாங்குற தகடு ஸ்பிரிங்) சைடுக்கு ஒரு லீஃப், அதாவது ஒரு தகடு, கூடுதலா போடணும், முன்னால புல் பாரும் (பம்பருக்கு முன்னால வர்ற கனத்த இரும்புக் கம்பி) ரெண்டு பெரிய லைட்டும் மாட்டணும். வெல்டிங் மெஷின், கிரைண்டர் ரெண்டும் இருக்கு. எத முதல்ல ஆரம்பிக்கட்டும்?

பதினாலு ஸ்பேனர்:
கோட்டிங் முதல்ல அடிச்சிருங்க ப்ரோ. நான் சென்னைல வண்டி வாங்குன புதுசுலயே அடிச்சேன், ஆறு வருஷமா கீழ ஒண்ணும் ஆகல.

உப்பள ரோடு:
ஸ்பேனர் தம்பி சொல்லுதது புது வண்டிக்கு சரி. துரு புடிச்ச இரும்பு மேல தார் அடிச்சா உள்ள இருக்க உப்பும் ஈரமும் வெளிய போக வழியில்லாம அங்கனயே கெடந்து தின்னும், வெளிய பாத்தா கருப்பா பளபளன்னு இருக்கும், ரெண்டு வருஷம் கழிச்சு ஜாக்கி போட்டா ஜாக்கி உள்ள எறங்கும். எனக்கு நடந்திருக்கு. உப்பள வேலைக்கு ஓடுன என் பழைய பிக்கப்புக்கு ஒரு கடைல 6,000 ரூவா குடுத்து அடிச்சேன், கழுவி காய வைக்காமலே அடிச்சுட்டாங்க, கடைசில பின் பட்டை ஷாக்கிள் (பட்டை முனைய புடிச்சு ஆடுற கொண்டி) மாட்டியிருக்க பிராக்கெட் சேஸிய (வண்டிய தாங்குற அடிச்சட்டம்) விட்டு பேந்து வந்துச்சு. நல்லவேளை வீட்டு வாசல்ல நிக்கும்போது. அதனால கோட்டிங்க கடைசில வைங்க.

முதல்ல வண்டிய தூக்கி ஸ்டாண்டுல நிறுத்துங்க, வெறும் ஜாக்கிய நம்பி அடியில படுக்கவே படுக்காதிய. ஒரு சின்ன சுத்தியல எடுத்து சேஸி ரெண்டு பக்கமும் முன்னாலருந்து பின்ன வரைக்கும் சாணுக்கு ஒரு தட்டு தட்டிட்டே போங்க. நல்ல இரும்பு ணங்குன்னு கேக்கும், துரு தின்ன எடம் பொத்துன்னு ஈர மரத்த தட்டுன மாதிரி கேக்கும், அந்த எடத்துல சாக்பீஸால வட்டம் போட்டு வைங்க. பின் வீலுக்கு மேல சேஸி வளைஞ்சு ஏறுற எடம், பட்டை பிராக்கெட் சுத்தி, ஸ்பேர் டயர் தொங்குற குறுக்குக் கம்பி, இந்த மூணையும் ரெண்டு தடவ தட்டுங்க. சேஸிக்கு அடியில வெரல் நொழையுற அளவுக்கு ஓட்டைங்க இருக்கும், தண்ணி வடியத்தான் அது, நம்ம பக்கத்து வண்டில எல்லாம் மண்ணு அடைச்சுத்தான் கெடக்கும். கம்பி விட்டு குத்தி எடுத்துருங்க, எடுக்காம உள்ள தண்ணி அடிச்சா உப்பு உள்ளயே தேங்கும்.

அடுத்து கழுவுறது. நம்ம ஊர்ல பல வீட்டு போர் தண்ணியே உப்புத்தான், அதுல தெனம் கழுவுனாலும் உப்புக்கு மேல உப்பு ஏத்துறதுதான். குடிதண்ணி லாரில ஒரு டிரம் வாங்கிக்கோங்க, இல்ல மழைத்தண்ணி. காத்துல ஈரம் 75 சதவீதம் தாண்டுனாலே உப்பு தானா தண்ணிய இழுத்துக்கும், அதான் மழையே பெய்யாட்டியும் கடக்கரை வண்டி ராத்திரி பூரா நனைஞ்சே நிக்குது. கழுவி ரெண்டு நாள் வெயில்ல காய விடுங்க. பொறவு கிரைண்டர்ல கம்பி பிரஷ் போட்டு வெள்ள இரும்பு தெரியுற வரைக்கும் எடுங்க, கண்ணாடி போடாம செய்யாதிய, கம்பி தெறிக்கும். மூலை முடுக்குல ரஸ்ட் கன்வர்ட்டர் (துருவ மாத்துற மருந்து) தடவுங்க, துரு கருப்பா மாறும், பேக்கெட்ல போட்டிருக்க நேரம் விட்டு எபாக்சி பிரைமர், அதுக்கு மேல டூ பேக் பெயின்ட் (ஹார்டனர் கலந்து அடிக்கிறது). வெறும் ரெட் ஆக்சைடு அடிச்சுட்டு வேலை முடிஞ்சுதுன்னு விட்றாதிய, அதுல ஈரம் ஊறி உள்ள போகும், மேல பெயின்ட் கட்டாயம் வேணும். சேஸிக்கு உள்பக்கம் பிரஷ் போகாது, அதுக்கு நீட்டு டியூப் வச்ச மெழுகு ஸ்பிரே இருக்கு.

பழைய எஞ்சின் ஆயில அடியில அடிக்கச் சொல்லி ஊர்ல பத்து பேரு சொல்லுவாக. வேண்டாம். மண்ணு அப்பும், பட்டை புஷ் ரப்பர் ஊதிப் போகும், பிரேக்ல ஒரு துளி பட்டாலும் ஆபத்து.

தொட்டில ரப்பர் மேட் கெடக்குல்லா? அத தூக்கிப் பாத்துட்டு எழுதுங்க.

சங்ககிரி லோடு:
தம்பி, லீஃப் விஷயத்துக்கு மட்டும் சொல்றேனுங்க, இருபது வருஷமா லாரியோட இருக்கறவன். பின்னாடி தாழுதுன்னதும் லீஃப் சேக்கறதுக்கு முன்னாடி காலி வண்டிய சமதரையில நிறுத்தி, வீல் மையத்துலருந்து பென்டர் ஓரம் வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் புடிச்சு அளந்து பாருங்க. ஒரு பக்கம் மட்டும் கம்மின்னா அந்தப் பக்கம் லீஃப் ஒடிஞ்சோ படுத்தோ இருக்குது, அத மாத்தோணும், சேக்கப்படாது. ரெண்டும் சமமா படுத்திருந்தா பட்டைய எறக்கி கேம்பர் (பட்டையோட வளைவு) ஏத்திக் குடுப்பாங்க, சும்மா பச்சையா தட்டி வளைச்சா ஆறே மாசத்துல திரும்பப் படுத்துக்கும், சூடு காட்டி பதம் வெக்கற பட்டறையாப் பாத்துக் குடுங்க. பட்டைய ஆக்சிலோட சேத்துப் புடிக்கற யு போல்ட் பழசு வேண்டாம், புதுசே போடுங்க, ஒருக்கா இழுத்து முறுக்கினது நீண்டுரும். மாட்டி 300, 400 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி டார்க் (போல்ட் முறுக்கின இறுக்கம்) பாருங்க. லூசா ஓடினா லீஃபையெல்லாம் நடுவுல கோத்திருக்கற சென்டர் போல்ட் வெட்டுப்படும், ஆக்சில் பின்னால நகந்துரும்.

இன்னொண்ணு, இதத்தான் நெறைய பேரு விட்டுடறாங்க. உங்க வண்டில பின் ஆக்சில்லருந்து சேஸிக்கு ஒரு சின்ன கம்பி போய் ஒரு வால்வுல மாட்டியிருக்குதான்னு பாருங்க. அது லோடு சென்சிங் வால்வு. லோடு ஏறி வண்டி தாழத் தாழத்தான் பின் பிரேக்குக்கு பிரஷர் விடும். நீங்க லீஃப் சேத்து வண்டி தாழாம நிறுத்திட்டீங்கன்னா, லோடு இருந்தாலும் காலி வண்டின்னு நெனச்சு பின் பிரேக்க கம்மி பண்ணிடும். ஐஸ் பெட்டியோட அவசரத்துக்கு மிதிச்சா முன் பிரேக் மட்டும் இழுக்கும். பட்டைல என்ன மாத்தினாலும் அந்தக் கம்பி நீளத்த சர்வீஸ் மேனுவல் அளவுக்கு செட் பண்ணாம ரோட்டுக்கு எடுக்கவே எடுக்காதீங்க.

மதுரை ஃபைல்:
புல் பார் வேண்டாம். 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலத்துக்கும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி எழுதியாச்சு, நடந்து போறவங்க மேல இடிச்சா அவங்களுக்கு கூடுதல் காயம். மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்சில இருக்கறதுக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாது, 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிருக்கு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறையும் இருக்கு. லைட் பத்தலன்னா முதல்ல இருக்கற 60/55 வாட் பல்புக்கே ரிலே (ஸ்விட்ச் சொன்னா பெரிய கரன்ட்ட நேரா விடுற சின்னப் பெட்டி) போட்டு பேட்டரிலருந்து நேரா தடிமனான ஒயர் இழுங்க, ஃப்யூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கணும். பழைய வண்டில ஸ்விட்ச் வழியா சுத்தி வரும்போது வோல்டேஜ் குறைஞ்சுதான் மங்கலா எரியுது. எதிர்ல வர்றவன் கண்ணக் குத்தாது.

தருவைக்குளம் கரை:
உப்பள ரோடு அண்ணாச்சி, நீங்க எழுதுனத படிச்சதும் மேட்ட தூக்குனேன். அடியில ஈர மண்ணும் மீன் செதிலும் ஒரு வெரல் கனத்துக்கு அப்பிக் கெடந்துச்சு, சுரண்டி எடுத்தா தொட்டித் தரைல நாலு எடத்துல கீழ தரை தெரியுது. சேஸில தட்டிப் பாத்தேன், இடது பக்கம் பின் வீலுக்கு மேல ஒரு சாண் நீளத்துக்கு பொத்துன்னுதான் கேட்டுச்சு, மத்தது எல்லாம் ணங்குதான். ஓட்டைலருந்து கம்பி விட்டு எடுத்த மண்ணு அரை வாளி இருக்கும், நாக்குல வச்சுப் பாத்தேன், கரிச்சுச்சு. லோடு சென்சிங் கம்பியும் இருக்கு, ஆனா துருப்புடிச்சு அசையவே இல்ல. தொட்டிக்கு தகடு வெட்டி நானே வெல்டு வைக்கலாமா? சேஸியையும் சேத்தேவா?

உப்பள ரோடு:
தொட்டித் தரைக்கு நீங்களே வைக்கலாம். பேட்டரி நெகட்டிவ் கழட்டிருங்க, எர்த் கிளாம்ப வெல்டு வைக்கிற எடத்துக்கு பக்கத்துலயே புடிங்க, அடியில டீசல் டேங்க், பிரேக் பைப் எங்கன ஓடுதுன்னு பாத்துட்டு நெருப்ப மூட்டுங்க, பக்கத்துல மண்ணு வாளியோட ஒரு ஆள நிறுத்துங்க. மெல்லிசு தகடு, ஆர்க்ல (குச்சி வெல்டிங்) வச்சா ஓட்டை விழும், மிக் மெஷின் (கம்பிச் சுருள் ஓடுற வெல்டிங்) வாடகைக்கு கெடைக்கும். மேட்ட திரும்ப போடும்போது அடியில மரப்பட்டி அடிச்சு காத்து போக வழி விடுங்க.

சேஸிய நீங்க தொடாதிய. சேஸி வேலையே செய்யுற பட்டறைக்கு கொண்டு போங்க, துரு தின்ன பாகத்த நல்ல இரும்பு வர வரைக்கும் வெட்டி எடுத்துட்டு வைக்கச் சொல்லுங்க, மேலாப்புல தகடு ஒட்டுனா ஒத்துக்காதிய. அந்த வால்வு கம்பியையும் அங்கனயே சரி பண்ணி, பின் பிரேக் புடிக்குதான்னு பாத்துட்டு வாங்க. அது வரைக்கும் ஐஸ் பெட்டி ஏத்தாதிய, குடும்பத்தையும் வேற வண்டில கூட்டிட்டுப் போங்க.

தருவைக்குளம் கரை:
சரி அண்ணாச்சி. திங்கக்கிழமை பட்டறைக்கு கொண்டு போறேன், லோடு இல்லாம, மெதுவாத்தான். சங்ககிரி அண்ணனுக்கும் நன்றி, லீஃப் இப்ப சேக்கல, டேப் வச்சு அளந்ததுல இடது பக்கம் மூணு சென்டிமீட்டர் கம்மியா இருக்கு, அவுத்துப் பாத்துட்டு எழுதுதேன்.