மறு: அரியணை வாரிசில் இரண்டு வகை: தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் அரசர், அரசியரின் வாழ்க்கைக் குறிப்புகளைப் பள்ளி மாணவர்களுக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். அரியணை வாரிசை அங்கே இரண்டாகப் பிரிக்கிறார்கள்: ஏர் அப்பேரண்ட், ஏர் பிரிசம்ப்டிவ். முதலாவதற்குப் 'பட்டத்து இளவரசர்' என்று போட்டுச் சமாளித்துவிட்டேன். இரண்டாவதற்குச் சொல்லுக்குச் சொல்லாக 'அனுமான வாரிசு' என்று எழுதினேன். "இரண்டாம் எலிசபெத் 1936 முதல் அனுமான வாரிசாக இருந்தார்" என்ற வரியைப் படித்த என் மகள், "ஏம்மா, அவங்க ராஜா பொண்ணுதானான்னு சந்தேகமா?" என்று கேட்டுவிட்டாள். ஒலிபெயர்த்துவிடலாம் என்றால் 'ஏர்' என்றதும் கலப்பைதான் கண்முன் வருகிறது. ஒரு வழி சொல்லுங்கள்.

------

அம்மா, உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. 'அனுமானம்' என்றால் தமிழில் ஆள் யாரென்பதிலேயே ஐயம் என்றாகிவிடும். எலிசபெத் விஷயத்தில் அப்படி ஒன்றுமில்லை. அப்பா ஆறாம் ஜார்ஜுக்கு இரண்டும் பெண். நாளைக்கே ஒரு தம்பி பிறந்தால், அன்றைய சட்டப்படி அவன் அக்காவை முந்திவிடுவான். பிறக்கவில்லை, 1952 பிப்ரவரி 6 அன்று தந்தை இறந்த கணத்தில் இவர் அரசியானார். ஆனாலும் அந்தப் பதினைந்து ஆண்டுகளும், பிறக்காத தம்பிக்காக ஓர் இடம் காலியாகவே வைக்கப்பட்டிருந்தது. 1944இல் 18 வயது நிறைந்தபோது வேல்ஸ் இளவரசிப் பட்டம் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. வேல்ஸ் பட்டம் வழக்கமாக முதல் வகை வாரிசுக்குத் தருவது. அரசர் மறுத்துவிட்டார்.

சிலர் 'உறுதி வாரிசு', 'உறுதியிலா வாரிசு' என்று இணை சொல்லக்கூடும். அது வேண்டாம் என்பேன். அரியணை ஏறுவது யாருக்குமே உறுதியில்லை. ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர் 1502இல் 15 வயதில் இறந்தார். தம்பி எட்டாம் ஹென்றியானார். இரண்டாம் ஜார்ஜின் மகன் ஃபிரெட்ரிக் 1751இல் தந்தைக்கு முன்பே போய்விட்டார். தாத்தாவுக்குப் பின் பேரன்தான் மூன்றாம் ஜார்ஜாக வந்தார். ஆர்தரும் ஃபிரெட்ரிக்கும் முதல் வகை வாரிசுகள். ஆக, இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு சாவில் இல்லை, பிறப்பில் இருக்கிறது. தனக்குப் பின்னால் பிறக்கும் ஒரு குழந்தை இவரை நகர்த்த முடியுமா, முடியாதா? அவ்வளவுதான்.

இந்த நகர்த்தல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1688ஐப் பாருங்கள். அன்றைய அரசர் இரண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கர், நாடோ புராட்டஸ்டண்ட். வாரிசான அவருடைய மூத்த மகள் மேரியும் புராட்டஸ்டண்ட். "அப்பா காலம் முடிந்தால் மகள் வந்துவிடுவாள், பொறுத்திருப்போம்" என்று நாடு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. ஜூன் 10 அன்று இரண்டாம் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்தது. மேரி ஒரே காலைப்பொழுதில் பின்னுக்குப் போனார். உடனே ஒரு வதந்தி: குழந்தை அரசியுடையதே அல்ல, படுக்கையைச் சூடேற்றும் கணப்புச் சட்டிக்குள் வைத்து அறைக்குள் கடத்தி வந்தார்கள்! நீளக் கைப்பிடியும் மூடியும் உள்ள பித்தளைச் சட்டி அது. கரித்துண்டு போடுகிற இடத்தில் பிள்ளையைப் போட்டு எடுத்து வந்தார்களாம். பிறப்பைப் பார்த்தவர்கள் அறை நிறைய இருந்தார்கள், இருந்தும் நம்ப விரும்பியவர்கள் நம்பினார்கள். ஜூன் 30 அன்று ஏழு பெரிய மனிதர்கள் மேரியின் கணவர் வில்லியத்துக்கு அழைப்புக் கடிதம் எழுதினார்கள்; நவம்பரில் அவர் படையோடு வந்து இறங்கினார்; ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடினார். ஒரு குழந்தை இரண்டாம் வகை வாரிசை நகர்த்தியதால் ஓர் அரசே கவிழ்ந்தது.

எனவே என் பரிந்துரை: நகர்த்த முடியாதவர் *நிலைவாரிசு*, நகர்த்தக்கூடியவர் *இடைவாரிசு*. நிலைக்கதவு, நிலைப்படி என்கிறோமே, அந்த 'நிலை'. இடை என்பது இடைக்காலத்தில் வருகிற 'இடை'. 'பட்டத்து இளவரசர்' வேண்டாம். அது பட்டம் கட்டியவருக்கான சொல். அங்கே வேல்ஸ் இளவரசர் பட்டத்தைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அரசரின் மூத்த மகன் வாரிசுதான்.

------

தம்பி, 'இடைவாரிசு' காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் 'வாரிசு' அரபியிலிருந்து வந்த சொல் ஆயிற்றே. அரசுரிமைக்குத் தமிழில் 'தாயம்' என்ற பழஞ்சொல் இருக்கிறது. பொருநராற்றுப்படை கரிகாலனைத் "தாய்வயிற் றிருந்து தாயம் எய்தி" என்கிறது. நிலைத்தாயத்தார், இடைத்தாயத்தார் என்று சொன்னால் என்ன?

------

ஐயா, அந்த வரியை நீங்கள் எடுத்துப் போட்டதற்கு என் நன்றி. அது இந்த இழையின் நடுமையத்துக்கே போகிறது. 1837 ஜூன் 20 அன்று நான்காம் வில்லியம் இறந்தார். மணவழிக் குழந்தை ஒன்றும் உயிரோடில்லை. அண்ணன் மகள் விக்டோரியா... இல்லை, தம்பி மகள். அவர் தந்தை கென்ட் கோமகன், வில்லியத்துக்கு இளையவர். அந்த 18 வயதுப் பெண்ணை அரசி என்று அறிவித்தார்கள். அறிவிப்பிலேயே ஒரு கொக்கி: மறைந்த மன்னருக்கு அவர் மனைவி வயிற்றில் குழந்தை ஏதும் பிறந்தால் அதன் உரிமைக்குக் குறைவு வராது. விதவையான அடிலெய்டுக்கு அப்போது 44 வயது. குழந்தை ஏதும் பிறக்கவில்லை. பிறந்திருந்தால்? தாய்வயிற்றிலிருந்தே தாயம் எய்தியிருக்கும், விக்டோரியா இறங்கியிருக்க வேண்டும்.

ஆனாலும் தாயத்தைக் கலைச்சொல்லாக்கத் தயங்குகிறேன். இன்றைக்குத் தாயம் என்றால் பிள்ளைகளுக்குத் தாயக்கட்டைதான். இடைவாரிசு நிலைமைக்கு அது பொருந்தத்தான் செய்கிறது, அடுத்தவர் உருட்டலில் நம் காய் வெட்டுப்படலாம்! 'தாயத்தார்' என்றாலோ பங்காளிச் சண்டைதான் நினைவுக்கு வரும். வாரிசுச் சான்றிதழ் வாங்க வரிசையில் நிற்கும் எவருக்கும் 'வாரிசு' அயற்சொல்லாகத் தோன்றுவதில்லை. மாணவர் நூலில் அது இருக்கட்டும். ஆய்வு நூலில் தாயம் எழுதுவோரை நான் தடுக்க மாட்டேன்.

------

இருவருக்கும் நன்றி. இப்படித் திருத்திவிட்டேன்:

"எலிசபெத் 1936 முதல் 1952 வரை இடைவாரிசு. அவர் அரசியானதும் 3 வயது மகன் சார்லஸ் நிலைவாரிசானார். 73 வயது வரை நிலைவாரிசாகவே இருந்தார்."

மகளிடம் படித்துக் காட்டினேன். "அப்போ இப்ப ஒரு ராஜாவுக்கு முதல்ல பொண்ணு பிறந்தா?" என்றாள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொன்னேன்: 2011 அக்டோபர் 28க்குப் பிறகு பிறந்தவர்களில் தம்பி அக்காவை முந்த முடியாது. சார்லஸின் பேத்தி சார்லட்டுக்குப் பின் 2018இல் தம்பி லூயி பிறந்தான். அவள் இடம் அசையவில்லை. அப்படியானால் இனிமேல் பிள்ளையில்லாத அரசருக்கு மட்டும்தான் இடைவாரிசு இருப்பார், சரிதானே? அதையும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.