ஹவியேரா என்ற பெயர் பற்றி ஸ்பானிஷ் தெரிந்தவர்களிடம் ஓர் உதவி

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. எங்கள் தாத்தா பெயர் சவேரியார். அவர் நினைவாகப் பெயர் வைக்க ஆசை. சவேரியம்மாள் என்பது பாட்டிகள் பெயர் மாதிரி இருக்கிறது என்கிறாள் தங்கை. ஸ்பானிஷில் ஹவியேர் என்ற ஆண்பெயரின் பெண்வடிவமான ஹவியேரா அவளுக்குப் பிடித்துவிட்டது.

தேடிப் படித்தவரை, இது முதலில் ஆள் பெயரே இல்லை, ஊர்ப் பெயர். புனித பிரான்சிஸ் சவேரியார் 1506-ல் பிறந்தது, இன்று வட ஸ்பெயினில் இருக்கும் அன்றைய நவார்ரா நாட்டின் ஹவியேர் கோட்டையில். அந்தப் பகுதியின் பாஸ்க் மொழியில் 'எச்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புது. எச்சேபெர்ரிதான் தேய்ந்து ஹவியேர் ஆனதாம். 1622-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்த பிறகு உலகெங்கும் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். முத்துக்குளித்துறையில் நடந்து திரிந்தவர் ஆயிற்றே, நம் பக்கம் அது சவேரியார் ஆனது.

இப்போது கேள்வி. சிலியில் ஹவியேரா நிறையப் பேருக்கு உண்டு என்கிறார்கள். ஸ்பெயினிலும் வைக்கிறார்களா? வீட்டில் எப்படிச் சுருக்கிக் கூப்பிடுவார்கள்? அப்புறம், அந்த முதல் எழுத்தைத் தமிழில் 'ஹ' என்று எழுதினால் சரியா, 'க' நெருக்கமா? அங்கே வசிப்பவர்கள் உச்சரித்து ஒரு குரல் பதிவு போட்டால் பெரிய உதவி. அடுத்த மாதம் ஞானஸ்நானம்.