அக்செஸ் லிஸ்ட்: ‘அணுகல் பட்டியல்’ அன்று, ‘விதிநிரை’

நண்பர்களுக்கு வணக்கம்.

வலையமைப்புகளுக்கிடையே தரவை வழியனுப்பும் ரவுட்டர்களில், எதை அனுமதிப்பது, எதை மறுப்பது என்று வரிவரியாக எழுதப்படும் அக்செஸ் லிஸ்டுக்கு ‘அணுகல் பட்டியல்’ என்ற சொல்லையே நிலைநிறுத்தலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். திருகோணமலையில் வலையமைப்புப் பாடத்தைத் தமிழில் கற்பித்து வருபவன் என்ற முறையில் என்னால் அதற்கு உடன்பட முடியவில்லை. அந்தப் பெயரின் இரு பாதிகளுமே மாணவரைத் தடுமாற வைக்கின்றன.

ரவுட்டரில் தரவு நுழைந்து வெளியேறும் இடைமுகமொன்றில் பொருத்தும்போது இந்தப் பட்டியல் தரவுப் பொதிகளை, அதாவது துண்டு துண்டாகச் செல்லும் தரவை, மறிக்கிறது. அங்கே ‘அணுகல்’ பொருந்தும். ஆனால் அதையே, ரவுட்டர்கள் தமக்குத் தெரிந்த வழிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்க உதவும் ரிப் போன்ற வழிப்படுத்தல் நெறிமுறையோடு இணைத்தால் அது ஒரு பொதியைக்கூடத் தொடுவதில்லை. அயல் ரவுட்டர் அறிவிக்கும் வழிகளுள் எவற்றை நமது வழி அட்டவணையில் சேர்ப்பது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. வகுப்பில் இதை விளக்க நான் ஊர் வழிகளையே எடுப்பேன். கோணேசர் கோயிலுக்குப் போகும் வண்டியை, கோயில் அமைந்துள்ள கோட்டையின் வாசலில் மறித்துத் திருப்பிவிடுவது பொதியை வடிப்பது, அதாவது வடிகட்டுவது. மூதூர் வழியிலுள்ள கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்ட செய்தியை, அங்கே புறப்படும் ஒருவரிடம் சொல்லாமல் விடுவது வழியை வடிப்பது: பாலம் அங்கேதான் இருக்கிறது, அவரை எவரும் மறிக்கவுமில்லை, ஆனால் அவருடைய கணக்கில் அந்த வழி இல்லை. ஆகவே பட்டியலுக்குப் பொதுப்பெயர் ஒன்றும், அது செய்யும் வேலைக்கேற்பப் ‘பொதிவடி’, ‘வழிவடி’ என்ற இரு பெயர்களும் வேண்டும்.

பொதுப்பெயராக நான் முன்வைப்பது ‘விதிநிரை’. கடைக்குக் கொண்டுபோகும் பட்டியலில் அரிசி முதலில் இருந்தாலும் பருப்பு முதலில் இருந்தாலும் ஒன்றுதான், இங்கே அப்படியில்லை. ரவுட்டர் மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். எல்லாவற்றையும் அனுமதிக்கும் வரியை மேலே எழுதிவிட்டால், அதன் கீழுள்ள மறுப்பு வரிகள் எழுதியும் பயனற்றவை. ஒழுங்கு குலையாமல் நிற்பது என்ற பொருள் ‘நிரை’க்குள் இருக்கிறது. ஆநிரை நினைவுக்கு வரும் என்று ஒருவர் ஐயப்படலாம். கணிதப் பாடத்தில் நிரையும் நிரலும் படித்த பிள்ளைகளுக்கு அந்த மயக்கம் வராது.

இன்னொரு சொல்லில் நானே பிழை செய்திருக்கிறேன். நிரையின் இறுதியில் எழுதப்படாமலே இருந்து, எந்த வரிக்கும் பொருந்தாத எல்லாவற்றையும் விலக்கும் மறுப்பை எனது குறிப்பில் ‘மறைமுக மறுப்பு’ என்று எழுதியிருந்தேன். மாணவி ஒருவர் 10.20.30.0 வலையமைப்பின் வழியை மட்டும் விலக்க எண்ணி, ‘அக்செஸ்-லிஸ்ட் 10 டினை 10.20.30.0 0.0.0.255’ என்ற ஒரே மறுப்பு வரியை எழுதி, ரிப்பின் உள்வரும் அறிவிப்புகளோடு இணைத்தார். சில நிமிடங்களுக்குள் அட்டவணையில் நேரடியாக இணைந்த வலையமைப்புகளைத் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் அனுமதிக்கும் ‘பெர்மிட் எனி’ என்ற வரியைச் சேர்த்த பின்னரே மற்ற வழிகள் திரும்பி வந்தன. மறைமுகம் என்றதும் அவர் அதைச் சுற்றிவளைத்து நடக்கும் ஏதோவொன்றாக விளங்கிக்கொண்டிருக்கிறார். நமது இலக்கணத்திலோ இதற்குத் தெளிவான சொல் இருக்கிறது: ‘மலர்முகம்’ என்பதில் ‘போன்ற’ தொக்கி நிற்கிறது, எழுத்தில் இல்லாமலே பொருளைத் தருகிறது. அதனால் இப்போது ‘தொக்கிய மறுப்பு’ என்றே எழுதுகிறேன்.

வலையமைப்பு முகவரியின் முன்பகுதியான முன்னொட்டைக் கொண்டு வழிகளைத் தெரிவுசெய்யும் பிரிபிக்ஸ் லிஸ்டை ‘முன்னொட்டு நிரை’ எனலாம். அது முகவரியோடு முன்னொட்டின் நீளத்தையும் ஒப்பிடுவதால் வழிவடிக்கு அதுவே ஏற்றது.

முகவரியின் எந்தப் பிட்டுகளை ஒப்பிடுவது என்று காட்டும் வைல்ட்கார்ட் மாஸ்க்குக்கு மட்டும் எனக்கு நிறைவான சொல் கிடைக்கவில்லை. மேலே மாணவி எழுதிய 0.0.0.255 என்பதில் சுழியமான பிட்டுகள் பொருந்தியே ஆகவேண்டும். ஒன்றானவற்றை ரவுட்டர் பாராது விட்டுவிடும். ‘பாராமுகமூடி’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். ‘பாராமுகம்’ புறக்கணிப்பாக ஒலிப்பதால் கைவிட்டேன். முகவரியில் வலையமைப்பின் பகுதியை ஒன்றுகளால் காட்டும் சப்நெட் மாஸ்க்குக்கு நேர்மாறாக இயங்குகிறது என்பதும் தெரியும்படி உங்களுள் எவரிடமேனும் சொல் இருந்தால் எழுதுங்கள். அடுத்த தவணைக்கான குறிப்பில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.