777777 சாம்பல் தேறுமா, தேறாதா? (விதிப்படி, தூரிகை, நிழல் என்ற பெயர்களில் எழுதும் மூவரின் வாதம்)

விதிப்படி: வெள்ளைப் பின்னணியில் எழுத்துக்கு 777777 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் தாராளமாகப் போதும் என்று தூரிகை அவர்கள் அடித்துச் சொல்லியிருப்பது எரிச்சலூட்டுகிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டைக் காட்டும் கான்ட்ராஸ்ட் விகிதம் அதற்கு 4.48 தான். பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களும் வலைத்தளங்களைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக 2008இல் வெளியான வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டி 2.0 சாதாரண எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5. ஆகவே தேறாது.

தூரிகை: 4.48க்கும் 4.5க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் கண் உலகத்தில் தங்களுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது போலும். முழுமையாக்கினால் 4.5 வருகிறது, ஐயா.

விதிப்படி: முழுமையாக்கக் கூடாது என்றும், 4.499கூடத் தேறாது என்றும் அவ்வழிகாட்டியின் விளக்கவுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரே படி இருட்டாக்கி 767676 என்று வைத்தால் 4.54 கிடைக்கும்போது, அந்த ஒரு படியைக்கூட இறங்கி வர மறுப்பதற்குப் பெயர் வடிவமைப்பா, வீம்பா?

நிழல்: எழுத்தின் அளவை இருவருமே சொல்லவில்லையே. 18 புள்ளிக்கோ, தடித்த எழுத்தாயின் 14 புள்ளிக்கோ குறையாமல் இருந்தால் விகிதம் 3 போதும்.

விதிப்படி: அளவைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. 4.48 தேறாது.

தூரிகை: சென்ற மாதம் என் ஆரஞ்சு பட்டனைக் குறை கூறியவரும் இவரே என்பதை நண்பர்கள் நினைவில் கொள்ளவும். நிறத்தைத் திரையில் பார்க்காமல் கணிப்பானில் பார்ப்பவரோடு என்ன பேசுவது?

விதிப்படி: ஆரஞ்சின் மேல் வெள்ளை எழுத்தை வைத்து, விகிதம் 2ஐக்கூடத் தொடாத பட்டனைக் குறை கூறாமல் மாலையா போடுவார்கள்? அந்தப் பட்டன் இருந்த படிவத்தில் பிழையாக நிரப்பிய பெட்டிக்குச் சிவப்பு ஓரம் மட்டும் கொடுத்து, என்ன பிழை என்று ஒரு சொல்லும் எழுதாமல் விட்டதை நான் அன்று பெருந்தன்மையோடு சொல்லாமல் இருந்தேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களுக்கு அந்த ஓரம் இருந்தும் இல்லாததுதான்.

நிழல்: இருண்ட பின்னணியில், விகிதத்தைக் கணக்கிடும் இந்தச் சூத்திரமே கண்ணுக்குத் தெரிவதோடு சரியாக ஒத்துப்போவதில்லை என்று டிசைனர்கள் பலர் சொல்கிறார்கள்.

விதிப்படி: நாம் பேசுவது வெள்ளைப் பின்னணி. விளக்கை அணைத்துவிட்டு வாதத்தைத் திசைதிருப்ப வேண்டாம். அழுத்த முடியாதபடி முடக்கப்பட்ட பட்டனுக்கு விதிவிலக்கு உண்டு; தூரிகை எழுதியிருப்பதோ படிக்க வேண்டிய பத்திக்கு. 4.48 தேறாது.

தூரிகை: என் பயனர்கள் எவரும் இதுவரை புகார் செய்ததில்லை. 777777 அப்படியே இருக்கும்.

விதிப்படி: படிக்க முடியாதவர் புகார்ப் படிவத்தை மட்டும் எப்படிப் படிப்பார்? அதன் எழுத்தும் அதே சாம்பல்தானே.