புதுப்பிப்பு: இரவு 3 மணி ஆக்சிமீட்டர் விவகாரம்

மூன்று வாரத்துக்கு முன் எழுதியிருந்தேன்: கொரோனா அலைக்கு நடுவே கர்ப்பத்தின் ஏழாவது மாதம், ஸ்கேனுக்குக் கணவரை உள்ளே விடவில்லை, இரவு 3 மணிக்கு எழுந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்க்கிறேன், இது வெறும் பயம்தானா என்று. டாக்டரிடம் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன்.

எடின்பரோ அளவுகோல் என்ற படிவத்தைக் கொடுத்தார். 10 கேள்விகள், கடந்த 7 நாளைப் பற்றி மட்டும். 1987-இல் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய வந்தது, கர்ப்பிணிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். 30-க்கு எனக்கு 16. பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அங்கே பேனா கொஞ்சம் நின்றது. ‘ஒருபோதும் இல்லை’ என்றுதான் குறித்தேன். ஆனாலும் அதை மட்டும் அவர் வாய்விட்டு மறுபடி கேட்டார். மதிப்பெண்ணை வைத்தே நோய் என்று முடிவுகட்ட முடியாது, மேற்கொண்டு பேசிப் பார்க்க வேண்டும் என்றார்.

இப்போது வாரம் ஒருமுறை வீடியோவில் ஆலோசகர். மாத்திரை இப்போதைக்கு வேண்டாமாம். தேவைப்பட்டால் கர்ப்பத்திலும் கொடுக்கக்கூடியவை உண்டாம் (இது தெரியாமல்தான் பாதிப் பயம்). செய்தி பார்ப்பது நாளுக்கு ஒரு தடவை மட்டும். ஆக்சிமீட்டர் கணவர் கைவசம்.

நேற்றும் 3 மணிக்கு விழிப்பு வந்தது. குழந்தை உதைத்தது. சரி என்று எண்ண ஆரம்பித்தேன், எட்டுக்கு மேல் நினைவில்லை.